கரைக்கு வந்த பீடி

போன கிழமை ஓலைத்தொடுவாய்க் கரையில் உட்கார்ந்து, வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பீடியை மறக்க வேண்டும் – அதுதான் எனக்கு வேலை.

என் கூட்டாளி அன்ரனுக்கு அவனுடைய அக்கா தன் கிட்னி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். திரும்பவும் புகைத்தால் அதுவும் போய்விடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிளினிக் நேர்ஸ் மிஸ் ஒரு வழி காட்டினாராம். "ஆசை அலை மாதிரி வரும். ஆரோடையாவது கதைச்சுக்கொண்டிருங்கோ, போயிடும்."

அந்த 'ஆரோடையாவது' நான்! நாளெல்லாம் ஊதித் தள்ளுகிறவன். அவன் பக்கத்தில் மட்டும் விரதம்.

"ஏன்டா என்னைப் பிடிச்சனீ?"

"நீ வாய் திறந்தா ஆருக்கும் வேற ஒண்டும் நினைக்க ஏலாது, மச்சான்."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துவிட்டது. தூரத்து வள்ளங்கள் ஆகாயத்தில் மிதந்தன. ஈர மணலில் ஒரு கழுதை தன் நிழலையே பார்த்தபடி நின்றது... என் கதையில் எனக்கே கண் சொக்கியது.

அப்போதுதான் முன்பு அவனோடு கடலுக்குப் போன தொழிலாளிகளின் வள்ளம் கரைக்கு வந்தது. வள்ளத்தை இழுத்து ஏற்றியதும் ஒரே பீடி எல்லோர் கையிலும் சுற்றி வரும். வாங்காவிட்டால், "என்ன, எங்களோட கோவமோ?" என்பார்கள்.

பீடி வந்தது. அன்ரன் வாங்கிவிட்டான்!

கதை சொல்ல வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு! பிறந்ததிலிருந்து இப்படி நடந்ததுண்டா?

அவன் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றக் கை மெல்ல அடிவயிற்றுக்குப் போனது. புதுக் கிட்னி இருக்கும் இடம்.

"நோகுதோடா?"

"இல்லை. அக்காவுக்குப் புகை மணந்தாலே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போயிடுவா. இப்ப பாவம்... இதுக்குள்ள இருந்து எங்க எழும்பிப் போறது?"

பீடியை என்னிடம் நீட்டினான். வாங்கினேன். ஆசையா? சொல்லவா வேண்டும்! அவன் என்னையே பார்த்தான். மணலில் புதைத்துவிட்டேன்.

"டேய் விசரா, அது கடைசிப் பீடியடா!" வள்ளமே கத்தியது.

நேற்று மாலை போன் அடித்தது. அன்ரன். பதறிப்போனேன்.

"ஆசை வந்திட்டுதோ?"

"எனக்கில்லை, மச்சான். இது நீ பீடி பத்துற நேரம். இரு, ஒரு கதை சொல்லுறன்."

கதை படு அறுவை. ஆனாலும் கடைசிவரை கேட்டேன் – பையில் தீப்பெட்டி இருந்ததே மறந்துபோனது.