அண்ணி கழுவிய மஞ்சள்

எங்கள் அண்ணி சோப்பையே கழுவி வைக்கிற ஆள். கேலிக்குச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கை கழுவி முடித்ததும் சோப்பில் ஒட்டியிருக்கும் நுரையை அலம்பி, அதைச் சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் நகர்வார். அவர் துவைத்த துணியில் கறை தேடினால் நம் கண்தான் வலிக்கும். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாத்தனார். குறை சொல்லிக்கொண்டே இருப்பது என் உரிமை. ஆனால் அவர் கழுவிய தட்டில் சாப்பிட்டுவிட்டு வேறு எங்கேயும் சாப்பிட எனக்குப் பிடிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. தேய்ந்துபோன துளையிடும் முனைகள், லேத்துப் பட்டறைகளில் கழித்துக் கட்டிய வெட்டுமுனைகள் எல்லாம் எங்களிடம் மூட்டை மூட்டையாக வரும். அவற்றிலிருந்து டங்ஸ்டனைத் திரும்ப எடுக்கிற சின்னத் தொழிற்சாலை அது. முனைகளை உலையில் வறுத்துப் பொடியாக்கிக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைப்பது என் பக்கத்து வேலை. டங்ஸ்டன் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும், மற்றதெல்லாம் கறுப்புச் சேறாகத் தங்கிவிடும். வடிகட்டிய தண்ணீர் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதற்குள் அத்தனை கனமான உலோகம் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அதைச் சூடான ஆசிட்டில் மெல்ல மெல்ல ஊற்றினால், விழுந்த இடத்திலேயே பளீரென்று மஞ்சளாகத் திரளும். அது டங்ஸ்டிக் அமிலம். நாங்கள் 'மஞ்சள்' என்றுதான் சொல்வோம். ஒரு வாளி மஞ்சளைச் சும்மா பொடிதானே என்று தூக்கப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

அந்த மஞ்சளில் உப்பு ஒட்டியிருக்கும். தொட்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, படியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து உப்பைப் போக்க வேண்டும். பிறகு துணியில் வடித்து அமோனியாவில் கரைத்துக் காய்ச்சினால் வெள்ளைப் படிகம் கிடைக்கும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கழுவுகிற தொட்டிக்கு ஆள் இல்லாமல் போனபோது, மூட்டை பிரிக்கும் கொட்டகையிலிருந்து அண்ணியை அங்கே மாற்றினார்கள். கழுவுகிற வேலைக்கு அண்ணியை விட்டால் வேறு யார்? கெமிஸ்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் தண்ணியில கொஞ்சம் ஆசிட் சேத்துக்குங்க. வெறும் தண்ணியில கழுவாதீங்க."

அண்ணி தலையை ஆட்டினார். கெமிஸ்ட் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் திரும்பினார். "கழுவுறது எதுக்கு? அழுக்கு போக. அழுக்கையே தண்ணியில கலந்து கழுவச் சொல்றாரு பாரு."

"சொன்னதைச் செஞ்சுட்டுப் போங்க அண்ணி, உங்களுக்கென்ன?" என்றேன். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

இனி வீட்டு விஷயம். அண்ணிக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அந்தக் கல்யாணத்தை அவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இஸ்திரிக் கடைக்காரர் வாழ்த்துச் சொன்னபோதுதான் அண்ணிக்குத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அண்ணி மருமகனைக் குறை சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்வி: "எனக்கு முன்னாடி யார் யாருக்குத் தெரியும்?" பாப்பா அதற்கு மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அவள் வருவாள், நன்றாகப் பேச்சு ஓடும், நடுவில் அந்தக் கேள்வி வந்து விழும். கடைசியாக வந்தபோது பாதிச் சாப்பாட்டில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். லாரி ஓட்டுகிற என் அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், வாயில் பூட்டுப் போட்ட மாதிரி. அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும்.

போன மாதம் பாப்பா எனக்குப் போன் செய்தாள். "அத்தை, அவருக்கு ரொம்ப தூரத்துக்கு மாத்தலாகுது. போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வரேன். அம்மா அந்தப் பேச்சை எடுத்தா அதோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

இதை அண்ணியிடம் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது, அப்படியே சொன்னேன். "இந்த ஒரு தடவை விட்டுடுங்க அண்ணி. பொண்ணு கைவிட்டுப் போயிடும்."

"மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு மூஞ்சில சிரிக்க எனக்கு வராது," என்றார். "கேட்டு முடிச்சுட்டா சுத்தம்."

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் தொட்டிக்குப் போனார். ஆசிட்டைத் தொடவேயில்லை. காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரை விட்டுக் கலக்கினார், படியவிட்டார், இறுத்தார். முதல் தண்ணீர் தெளிந்து நின்றது. அடுத்தது தெளிய நேரம் பிடித்தது. அதற்கடுத்தது தெளியவேயில்லை, மேல் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. இன்னும் அழுக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டு அண்ணி மறுபடியும் கழுவினார். அழுக்கைப் பார்த்துவிட்டு நிறுத்துகிற ஆளா அவர்? கடைசியில் துணியில் ஊற்றினால், மஞ்சள் பாலாக நழுவி எல்லாம் கீழ்த்தொட்டிக்குப் போயிற்று. துணியில் நின்றது ஒரு கைப்பிடி.

அண்ணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஓடிப்போய்க் கெமிஸ்டை அழைத்து வந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். கத்தவில்லை.

"வெறும் தண்ணியா அக்கா?"

"சுத்தமா கழுவினேன், தம்பி."

"அதான் தப்பாயிடுச்சு." அவர் குனிந்து, அந்த மஞ்சள் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளிக் காட்டினார். "நடுவுல ஒரு டங்ஸ்டன், சுத்தி ஆறு ஆக்சிஜன். அதுங்க மூலைக்கு மூலை கோத்துக்கிட்டு தகடு தகடா அடுக்கி நிக்கும். அப்படி அடுக்கின துகள்தான் இந்த மஞ்சள். எல்லாத் துகள்மேலயும் ஒரே மாதிரி மின்சாரம் இருக்கு, அதனால ஒண்ணையொண்ணு தள்ளிவிடும். நடுவுல கொஞ்சம் ஆசிட் இருந்தா அந்தத் தள்ளுமுள்ளு அடங்கி, ஒண்ணா உக்காந்துக்கும். நீங்க அதையும் சேத்துக் கழுவிட்டீங்க. இப்ப ஒண்ணோட ஒண்ணு சேராம துணி ஓட்டை வழியா ஓடுது."

"அப்ப அந்த ஆசிட் எப்பதான் போறது?"

"பின்னாடி படிகம் எடுக்கும்போது மிச்சத் தண்ணியோட அது தானா போயிடும். இப்பவே எடுத்தாகணும்னு ஒண்ணுமில்லையே."

கெமிஸ்ட் கீழ்த்தொட்டியில் ஆசிட் விட்டார், நீராவிக் குழாயைத் திறந்து சூடாக்கினார், கலக்கினார். அண்ணி துடுப்பை எடுக்கப் போனபோது தடுத்தார். "போதும்க்கா. இனிமே கை வைக்காதீங்க. அதுவா படியும்."

கை வைக்காமல் இருப்பது அண்ணிக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்கு எங்கே தெரியும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கெட்டியாக மஞ்சள். எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா தனியாக வந்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். அண்ணன் படித்த பேப்பரையே திருப்பித் திருப்பிப் படித்தார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி பாத்திரம் தேய்க்க, பாப்பா பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள். நான் மேஜையைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு..." என்று அண்ணி ஆரம்பித்தார். பாப்பாவின் கையில் துணி நின்றது.

அண்ணி குழாயை மூடினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இந்த டம்ளரைப் பிடி."

அந்த டம்ளர் விளிம்பில் நுரை இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார், அப்படியே கொடுத்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு புது வீட்டைப் பற்றி, பக்கத்தில் கடை இருக்கிறதா, தண்ணீர் நன்றாக வருமா என்றுதான் பேச்சுப் போயிற்று. அண்ணியின் முகம் சிரிக்கவில்லைதான். ஆனால் பேசினார்.

வெயில் தாழ்ந்ததும் பாப்பா கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டினாள். ஆனால் படி இறங்கவில்லை.

"அம்மா, நீ இன்னைக்கும் கேப்பேன்னு நெனைச்சேன்."

அண்ணி அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தார்.

"அப்பாவுக்குத் தெரியும்மா. அப்பாதான் சாட்சிக் கையெழுத்து போட்டாரு. அவரைப் போட்டு நீ வறுத்து எடுப்பியேன்னுதான் நான் சொல்லலை."

அண்ணன் கையிலிருந்த பேப்பர் கீழே இறங்கியது.

"தெரியும்," என்றார் அண்ணி.

"எப்படி?"

"லோடு ஏத்தப் போறேன்னு சொல்லிட்டு அன்னைக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனாரு. துவைக்க எடுத்தேன். ஒரு கறை இல்ல. அவரு சட்டையை எத்தனை வருஷமா துவைக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா இத்தனை நாள் கேட்டே?"

"உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றார். ஈரமில்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"டீ போடட்டுமா?" என்று அண்ணன் கேட்டார். அவருக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது.

பாப்பா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.