என் கணவரின் அளவில் எனக்கொரு கால்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இலங்கையின் கிழக்கே கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது இது. இத்தனை வருடம் கழித்துச் சொல்லும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறிப்போன கோபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான் மருதமுனைக்காரி. கைத்தறியில் ஆண்கள் உடுத்தும் சாறன் நெய்வது என் தொழில். ஒரு பஸ் விபத்தில் நசுங்கிய என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தறியில் கை மட்டும் வேலை செய்வதில்லை. கீழே இருக்கும் கட்டைகளை இரண்டு கால்களும் மாறி மாறி மிதிக்க வேண்டும். பாதம் கணுக்காலில் மடங்கி நிமிர வேண்டும். ஆகவே கால் போனதோடு தறியும் போயிற்று. என் தறியில் வேறொருத்தி உட்கார்ந்து நெய்ய, நான் பக்கத்தில் இருந்து நூல் சுற்றிக் கொடுத்தேன். அந்த இருப்பு எனக்குப் பொறுக்கவே இல்லை. மறுபடி தறியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு அமைப்பு வந்து செயற்கைக் கால்களை இலவசமாகத் தரப்போகிறது என்றார்கள். அளவெடுப்பதற்கென்று முதலில் ஒரு நாள் வைத்தார்கள். போய்ப் பார்த்தால் அளவெடுக்க வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண்ணைக்கூட அழைத்து வரவில்லை. முஸ்லிம் ஊர்களுக்கு வருகிறோமே, பெண்களும் வருவார்களே, அந்நிய ஆண் முன்னால் முழங்கால்வரை உடுப்பைத் தூக்குவார்களா என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதிலாக என் கணவர் உள்ளே போனார். போனவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சாறனைக் கொஞ்சம் உயர்த்தி, தன் கெண்டைக்காலைக் காட்டி, "இதப் பாத்து எழுதுங்க, அவ என்னவிடக் கொஞ்சம் கட்ட" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்! இவருக்குத்தான் புத்தி இல்லை, கழுத்தில் அளவுநாடாவைப் போட்டுக்கொண்டிருந்த படித்த மனிதர்களுக்கு எங்கே போயிற்று?

வீட்டுக்கு வரும் வழியில் ஏதோ பெரிய காரியம் முடித்தவர்போல இதை என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திரும்பிப் போவம். ஒரு பொம்புளையக் கூட்டி வந்து அளக்கச் சொல்லுவம்" என்றேன்.

"மூண்டு சைஸ்தான் இரிக்காம். சின்னது, நடு, பெரிசு. அதுல ஒண்டு சரிவரும்" என்றார்.

கால்கள் கொடுக்கும் நாளில் மண்டபம் கலியாண வீடு மாதிரி இருந்தது. மேடை, மாலை, ஒலிபெருக்கி, வெளிநாட்டு விருந்தாளி, படம் பிடிக்கிறவர் என்று எல்லாமே இருந்தது. இந்த முறை பெண்களுக்கென்று ஒரு வகுப்பறையைத் தனியாக ஒதுக்கி வாசலில் சீலை கட்டியிருந்தார்கள். அந்த வெட்கமாவது மிஞ்சியிருந்தது.

எனக்குத் தந்த காலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரரின் தோல் நிறம். பாதத்தில் விரல்கள் இல்லை. கணுக்கால் அசையவே இல்லை. குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு நடப்பவர்களுக்காகச் செய்த பாதம் அது. எங்கள் ஊரில் எந்தப் பெண் வீட்டுக்குள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்? வெட்டியது போக எஞ்சிய என் கால் அதற்குள் ஆடியது. துணியைச் சுற்றிச் சுற்றித் திணித்துக்கொண்டு எழுந்தேன். ஒரு எட்டு வைத்ததும் பின்பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தேன். வலியைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

எதிர்ச் சுவரோரம் பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வயலுக்குப் போகும் வழியில் மிதிவெடியில் அவரது வலது காலும் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. போர் நடந்த அந்த நாட்களில் தமிழர்களான அவர்களுடைய ஊருக்குள் முஸ்லிம்களான நாங்களோ, எங்களுடைய ஊருக்குள் அவர்களோ தேவையில்லாமல் காலடி வைப்பதில்லை. இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் பயம் இருந்தது. அதனால் அவர் ஒரு சுவரோரமும் நான் மறு சுவரோரமுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

நான் விழுந்ததும் அவர்தான் முதலில் கதைத்தார்.

"விழுந்திட்டியா புள்ள?"

"ஓம் அக்கா. லூசாக் கிடக்கு."

"எனக்கு உள்ளுக்கே போகுதில்ல. அளவெடுத்த அண்டைக்கு எங்கட பக்கம் ரோட்டு மூடிக் கிடந்தது, வர ஏலாமப் போச்சி. கண்ணாலயும் காணாம ஒண்டத் தந்திருக்கானுகள்."

பார்த்தேன். இறுக்கி இறுக்கிப் போட்டதில் அவரது காலின் நுனி தோலுரிந்து இரத்தம் கசிந்தது. அவர் அந்தக் காலைக் கழற்றித் தரையோடு என் பக்கம் தள்ளினார்.

"உன்டதத் தா, பாப்பம்."

மாற்றிப் போட்டோம். எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சுற்றுத் துணியோடு கால் நின்றது. அவருக்கும் வலியில்லாமல் ஏறியது. என் தோளை அவரும் அவர் தோளை நானும் பிடித்துக்கொண்டு வகுப்பறையை ஒரு சுற்று நடந்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மேடைக்குக் கூப்பிட வந்த அதிகாரி வாசலில் நின்று எங்கள் கால்களைப் பார்த்தார். கால்களில் இலக்கம் எழுதியிருந்தது.

"நம்பர் மாறிக் கிடக்கு. கழட்டி அவங்கவங்கடதப் போடுங்க" என்றார்.

இதுதான் எங்களுக்குச் சரியாக இருக்கிறது என்று விளக்கினோம். அந்த அக்கா காயத்தையும் காட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"சும்மா குடுக்கிறதுல அளவு வேற பாக்கணுமா?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. சீலையை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்துவிட்டேன். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அதற்கு முன் நான் குரல் உயர்த்தியதே இல்லை. "கால் எங்கட, நம்பர்தான் உங்கட! நம்பர வேணுமெண்டாக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று கத்தினேன். அந்த அக்காவும் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார்.

என் கணவர் ஓடி வந்தார். "சத்தம் போடாத புள்ள, ஆக்கள் பாக்காங்க" என்று கையைப் பிடித்தார்.

"உங்கட காலுக்குத்தானே அளவு குடுத்தீங்க? அந்தக் காலை நீங்களே போட்டுக்கங்க!" என்றேன். அவர் பிடித்த கையை விட்டுவிட்டார்.

மேடையிலிருந்த வெளிநாட்டு விருந்தாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதிகாரி அவர் காதில் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். உடனே அந்த மனிதர் எழுந்து எங்களைப் பார்த்துக் கை தட்டினார்! சபையும் சேர்ந்து தட்டியது. நாங்கள் நன்றி சொல்கிறோம் என்று அதிகாரி அவருக்குச் சொல்லியிருப்பார் போலும். படமும் எடுத்தார்கள். விருந்தாளியே கை தட்டிய பிறகு காலைக் கழற்றச் சொல்ல அதிகாரிக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் அந்தக் கால்கள் எங்களிடம் தங்கின. அந்த அக்காவை அவருடைய ஊர் ஆட்கள் அவசரமாக வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நான் அவரைக் காணவில்லை.

அந்தக் காலோடு நடந்தேன். தறியில் மட்டும் உட்கார முடியவில்லை. கணுக்கால் மடங்காத பாதம் ஒரு கட்டையை மிதித்தால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கியது. நூல் அறுந்தது. அறுந்த நூலைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து, மட்டக்களப்பில் ஓரிடத்தில் ஆளுக்கேற்றபடி கால் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் கணவரும் வந்தார், இந்த முறை வாய் திறக்காமல். அங்கே ஒரு பெண் என் காலைத் தன் மடியில் வைத்து, ஈரச் சாந்துத் துணியைச் சுற்றி அச்செடுத்தாள். எடுத்துக்கொண்டே, "நீங்க என்ன வேலை செய்யிறீங்க? வீட்டுல வெறுங்காலோடதானே நடப்பீங்க? கீழ இருந்து எழும்புவீங்களா?" என்று கேட்டாள்.

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். இல்லை, எனக்கு ஆத்திரம். இவ்வளவுதானா? இதைக் கேட்க இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லையே!

அவள் செய்து தந்த ரப்பர்ப் பாதம் மடங்கியது. நான் மறுபடி தறியில் உட்கார்ந்தேன். பாண்டிருப்பு அக்காவின் காலை யாராவது இப்படி மடியில் எடுத்து வைத்து, அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்களா, எனக்குத் தெரியாது. சும்மா தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு எங்களை அளந்தும் பார்க்காமல் போனவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.