கன்னியம்மாவின் கட்டைவிரல்

"டாக்டரம்மா, சீக்கிரமா வாங்க! அல்லாத்தையும் வண்டில ஏத்திகினு கீறான்!"

நெமிலிச்சேரியிலிருந்து கன்னியம்மா போனில் கத்தினார். ரயில் பாதையோரக் காலிமனைகளில் ஆடு மேய்ப்பவர். அந்த மந்தைதான் அவருக்குச் சோறு. நான் அப்போது அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. ஆட்டு வியாபாரி ஒருவர் பாதி ஆடுகளை ஏற்றிவிட்டிருந்தார்.

"ஆட்டுக்கொல்லி நோய் மேடம். நாளைக்கு அல்லாம் படுத்துக்கும். பாவமேன்னு நான் வாங்கிக்கிறேன்."

"பாவம் பாக்குற மூஞ்சியப் பாரு! அப்படியே இருந்தாலும் நகர்த்தக் கூடாது. வண்டி போற ஊருக்கெல்லாம் நோயும் போகும். நான் பாக்குற வரைக்கும் வண்டி எடுக்காதே" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

உள்ளூர எனக்கும் பயம்தான். ஆடுகளின் உதடெல்லாம் கறுத்த பொருக்கு. ஒரு குட்டிக்குக் கழிச்சல் வேறு. அம்மை, நீலநாக்கு, வாய்ப்புண், ஆட்டுக்கொல்லி என்று வைரஸ் நோய்கள் மந்தைகளில் சகஜம். ஒன்றுகூட எட்டிப் பார்க்காத மந்தையை நான் கண்டதில்லை. வாய்ப்புண் என்றால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆட்டுக்கொல்லி என்றால் மந்தையே காலி.

வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. மூக்கில் சளியும் இல்லை. ஆட்டுக்கொல்லி என்றால் இரண்டும் இருக்கும்.

"குட்டிக்கு என்ன குடுத்தே?"

"மேயலியேன்னு சோத்துக் கஞ்சி ஊத்தினேன்."

கழிச்சலுக்குக் காரணம் தெரிந்தது. அப்போதுதான் குட்டியைப் பிடித்திருந்த அவர் கையைக் கவனித்தேன். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"முள்ளு குத்திச்சி."

"அவுத்துக் காட்டும்மா."

தயங்கித் தயங்கி அவிழ்த்தார். நடுவில் சிவந்து, சுற்றிலும் வெளுத்த கொப்புளம்.

"ஆட்டு வாய்ப் பொருக்கை உரிச்சி உப்பு தேய்ச்சியா?"

இந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்களின் கைவைத்தியம் அது. எல்லாம் வெறும் கையால்தான்.

தலையாட்டினார். கண் கலங்கிவிட்டது. "ஆட்டுக்கொல்லி எனக்கும் வந்துட்ச்சி டாக்டரம்மா. ஆடுங்களோட நானும் போயிடுவேன். ஊட்ல யாருக்கும் சொல்லல."

அப்பாடா! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அடி பைத்தியக்காரி! ஆட்டுக்கொல்லி மனுஷங்களுக்கு வராது. வாய்ப்புண்தான் கையில ஒட்டும். நீயும் சாக மாட்டே, உன் ஆடும் சாகாது."

அவர் புழுக்கை மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார்.

"யோவ், எறக்குய்யா என் ஆட்ட!"

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று பொருக்கை ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். வாய்ப்புண்தான் என்று பதில் வந்தது. விரலும் ஆறியது, ஆடுகளும் தேறின. ஆறியதும் மொத்த மந்தையையும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிக்கு ஓட்டிவந்தார். கையில் நான் கொடுத்த கையுறை!

புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆட்டின் வாயைத் திறந்து பாருங்கள்; அப்படியே அதைப் பிடித்திருப்பவரின் கையையும் பாருங்கள். ஆட்டுக்கு என்னவென்று அவர்களே சொல்வார்கள். தங்களுக்கு என்னவென்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.