தோட்டத்துக்கு ஸ்பானியச் சொல்

என் மகன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். அங்கேயே டொமினிக்கன் நாட்டுப் பெண்ணொருத்தியைத் திருமணம் செய்துகொண்டான். மருமகளின் அப்பா எங்களைப் பார்க்க ஈப்போவுக்கு வருவதாகச் சொன்னார். அவருக்கு ஸ்பானியம் மட்டுமே தெரியும். கைப்பேசியில் கொஞ்ச காலமாக நான் அந்த மொழியைப் படித்துவந்ததால், எங்கள் குடும்பத்தைப் பற்றி நானே எழுதி அனுப்பலாம் என்று துணிந்தேன்.

முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன். ஈப்போ நகரம், 'சியுதாத்' என்று போட்டுவிட்டேன். பக்கத்து ஊரான கோப்பெங்கில் தடுமாற்றம் வந்தது. ஆங்கிலத்தில் அது டவுன், என் அக்கா வாழ்க்கைப்பட்ட கம்பம், மலாயில் கிராமம் என்று பொருள், அது வில்லேஜ். ஸ்பானிய அகராதியோ இரண்டுக்கும் 'புவெப்லோ' என்றது. தன் கம்பமும் டவுனும் ஒன்றுதான் என்று அக்கா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள். கடைசியாக, நானும் என் கணவரும் பிறந்த ரப்பர் எஸ்டேட்; எங்கள் பேச்சில் தோட்டம். அதற்கு 'அசியெந்தா' என்று இருந்தது. சொல் கம்பீரமாகத்தான் பட்டது. அசியெந்தாவில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று எழுதி அனுப்பினேன்.

வந்த சம்பந்தி நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கூடத்துக்குள் நுழைந்தால் எழுந்து நின்றார். இரண்டாம் நாள் மருமகள் சமையலறைக்கு வந்து, நாங்கள் பெரும் பண்ணை முதலாளிகளின் வாரிசுகள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அசியெந்தா என்றால் அவர்கள் ஊரில் அப்படித்தானாம்.

என் கணவர் சிரித்துவிட்டார். "நாம மொதலாளியா? பால்மரம் சீவுன ஆளுங்க லா. நாளைக்கு அவரைத் தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போலாம்."

மறுநாள் காலையில் போனோம். ரப்பர் மரங்கள் போய் அங்கே எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் ஒரு வரிசை மட்டும் நிற்கிறது. காரிலிருந்து இறங்கியவர் அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தார். திரும்பி வந்து மகளிடம் ஒரே சொல் சொன்னார்: "பாத்தேய்."

அது என் அகராதிப் பக்கங்களில் நான் பார்க்காத சொல். கரும்புக் காட்டின் நடுவே, கரும்பு வெட்டுகிறவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு என்று மருமகள் விளக்கினாள். சம்பந்தியின் அப்பா பக்கத்து நாடான ஹெய்ட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவராம். இவர் பிறந்தது அப்படியொரு வரிசை வீட்டில். முதலாளி வீட்டுச் சம்பந்திகளிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாராம்.

தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது என்று கேட்டார். எல்லாருக்கும் பொதுவாக இருந்த இடத்தைக் காட்டினேன். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அம்மா ஓடியதைச் சொன்னபோது, மகள் மொழிபெயர்க்குமுன்பே தலையாட்டினார்.

எஸ்டேட், அசியெந்தா இரண்டுமே முதலாளி பங்களாவிலிருந்து பார்த்து வைத்த பெயர்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. லயத்திலிருந்து பார்த்தவர்களின் சொல்லை அகராதியில் தேடியிருக்க முடியாது.

திரும்பும் வழியில் கோப்பெங்கில் தேநீர் குடிக்க நின்றோம். கடைக்கார பாய் சம்பந்தியின் நிறத்தையும் முகத்தையும் பார்த்து, எங்களில் ஒருவர் என்றே நினைத்துவிட்டார்.

"அண்ணே எந்தத் தோட்டம்?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். "எந்த பாத்தேய் என்று கேட்கிறார்" என்றேன், என் அரைகுறை ஸ்பானியத்தில். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

பாய் சுற்றுவட்டார ஊர்களை மனத்தில் எண்ணிப் பார்த்தார். "தாப்பா பக்கமா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி," என்றார் என் கணவர்.