அப்பாவுக்கு நான் போட்ட தேதி

கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். பெங்களூரில் ப்ராடக்ட் டிசைனராக இருக்கிறேன். குக்கர் மூடி, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், காதில் மாட்டும் கருவி என்று, அன்றாடம் புழங்குகிற சாமான் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையானால் களிமண் பிசைந்து கிண்ணம் செய்வேன். பழைய கடைப் பலகைகளின் எழுத்துகளைப் படம் பிடித்துச் சேர்த்து வைப்பேன். பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் யாராவது எழுந்து, "மேடம், நீங்க முதன்முதலா டிசைன் பண்ணினது எது?" என்று தவறாமல் கேட்பார்கள். தீப்பெட்டியில் ரயில் செய்தேன் என்பேன். கைதட்டுவார்கள். வாய் கூசாமல் சொல்லும் பொய் அது. நான் முதன்முதலாகச் செய்தது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதுவும் பெற்ற அப்பாவுக்கு.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர். அம்மா கரும்பு வெட்டப் போவாள். அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் மாமாவின் போனுக்குப் பேசினார். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. கூடப் போனவர்கள் திரும்பி வந்து, அவர் பாதியிலேயே வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார் என்றார்கள். அங்கே ஒருத்தியோடு இருக்கிறார் என்று சிலர், குடித்துக் கெட்டுப்போனார் என்று சிலர். எவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் சொல்வதற்கு மட்டும் எல்லோரிடமும் ஒன்று இருந்தது.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கள்ளக்குறிச்சியில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். லீவு நாளெல்லாம் நான் அவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் கிடப்பேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பூவும் கட்டமும் வைக்கப் பழகியிருந்தேன். மாமாவிடம் ஒரு தந்திரம் உண்டு. தலையில்லாத கோட்டு சூட்டு உடம்பு ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். ஆயுசு முழுக்கச் சட்டை போடாமல் ஏர் ஓட்டிய மனிதரின் தலையை வெட்டி அந்தக் கோட்டின் மேல் உட்கார வைத்துவிடுவார். "செத்த பொறகாவது போட்டுக்கட்டுமே பாப்பா" என்பார்.

அந்த வருடம் அக்காவுக்கு மணலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பிள்ளைக்கு அக்காவைப் பிடித்துவிட்டது, அக்காவுக்கும் பிடித்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெண்ணின் அப்பா எங்கே? செத்துப்போனவரின் மகளை எடுப்பார்கள். ஓடிப்போனவரின் மகளை எடுக்க யோசிப்பார்கள். மாமா யோசிக்கவில்லை. மறு வாரமே அப்பாவின் கதையை முடித்துவிட்டார். குடகில் மண் சரிந்து ஆள் போய்விட்டார், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள், சேதி இப்போதுதான் வந்தது. இவ்வளவுதான் கதை.

அம்மா நம்பவில்லை. மாமாவும் அவளை நம்பச் சொல்லவில்லை.

"எனக்கு மனசு வரலண்ணா. எங்கியோ உசுரோட இருக்கறவருக்கு நான் எப்பிடி கருமாதி பண்ணுவேன்?"

"இருந்தா வந்திருக்க மாட்டானா? உன் கழுத்துல இருக்கறதையே பாத்துக்கினு இருந்தா அவ கழுத்துல ஏறாது, சொல்லிட்டேன்."

அக்கா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கு வாய் வரும்?

மறுநாள் கடையில் மாமா என் தலையைத் தடவி, "உங்கப்பா போய்ட்டாரு பாப்பா" என்றார். மாமா சொன்னதை நான் நம்பிவிட்டேன். அழுதேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். அழுதிருப்பேன். ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது அவர் அடுத்துச் சொன்னதுதான். "பேனரு முழுசா நீயே போடு. நான் தொட மாட்டேன்." அதுவரை ஒரு பேனரையும் அவர் முழுசாக என்னிடம் விட்டதில்லை. அட கடவுளே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா இருந்த படம் ஒன்றே ஒன்றுதான். நாங்கள் நால்வரும் நிற்கும் படம். அதிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டினேன். அவர் தோளில் அம்மாவின் கை இருந்தது. நாலு விரலையும் ஒவ்வொன்றாக அழித்தேன். தலையை எடுத்துக் கோட்டில் வைத்தேன். முகம் ஜாஸ்தி கறுப்பாக இருப்பதாகத் தோன்றவே, ஏற்றி ஏற்றி வெளுப்பாக்கினேன். நெற்றித் தழும்பையும் எடுத்துவிட்டேன். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு கட்டம். தோற்றத்துக்கு ஓட்டு அட்டையில் இருந்த தேதியைப் போட்டேன்.

"மறைவுக்கு எந்தத் தேதி மாமா?"

மாமா காலண்டரைப் பார்த்தார். "நேத்து... வேணாம், அஷ்டமி. கருமாதிக்குப் பதினஞ்சு நாளு முன்னாடி வர்ற மாதிரி நீயே ஒண்ணு போடு. ரெண்டு நாளு முன்ன பின்ன இருந்தா எவன் கேக்கப் போறான்?"

அதனால் நானே போட்டேன். ஒன்று என்ற எண் ஒல்லி, அது வந்தால் வரி குட்டையாகிவிடும். ஒவ்வொரு தேதியாகப் போட்டுப் பார்த்து, பிறந்த தேதிக்குச் சரியான அகலம் வரும் ஒரு நாளைக் கண்டுபிடித்தேன். இரண்டு வரியும் ஒரே நீளத்தில் பிசிறில்லாமல் நின்றன. என் அப்பா செத்த நாள் அப்படித்தான் முடிவானது.

ஊர் பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக்கு எதிரே, வேப்பமரத்தையும் கம்பத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். கரும்புக் காட்டிலிருந்து வந்த அம்மா வெட்டுக்கத்தியோடு நின்று அண்ணாந்து பார்த்தாள். "யாருடி இது?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து செய்த வேலை. கருமாதியன்று அம்மாவை உட்கார வைத்து என்னென்னவோ செய்தார்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று என்னை வெளியே அனுப்பினார்கள். நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய் என் பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அம்மா போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

தகப்பன் போன வீட்டில் வருடத்துக்குள் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்று மாமாவே சட்டமும் சொன்னார். நாள் குறித்தாயிற்று. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை டீக்கடைக்காரர் கூப்பிட்டார். மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கி வந்து அந்த வருடம்தான் கடை போட்டவர். எங்கள் ஊர்ப் பழைய ஆட்களை அவருக்குத் தெரியாது.

"இங்க வா பாப்பா. மத்தியானம் ஒரு ஆளு உன் பேனரையே பாத்துக்கினு நின்னாரு. தாடி, தோள்ல ஒரு பை. பஸ்ஸுல வந்து எறங்குனவரு அப்பிடியே நின்னுட்டாரு. யாரு போட்டதுன்னு கேட்டாரு. இவரோட சின்னப் பொண்ணே கம்ப்யூட்டர்ல செஞ்சுதாம்னு சொன்னேன். சின்னது இன்னா படிக்குதுன்னாரு. ஆறாவதுன்னேன். பெரிய பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம், நல்ல எடம்னு சொன்னேன். டீ கேட்டாரு. போட்டுக் குடுத்தா குடிக்கவே இல்ல."

"பேனரு நல்லாருக்குன்னாரா?"

"நல்லா செஞ்சிருக்குதுன்னாரு. அந்தத் தேதியதான் திரும்பத் திரும்பப் படிச்சிக்கினு இருந்தாரு. அப்பறம் பஸ்ஸு வந்துது, ஏறிப் போய்ட்டாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வரியும் ஒரே அகலம் என்பதை ஒரு மனிதர் கவனித்திருக்கிறார்! பெரிய ஆளாகி இந்த வேலையைத்தான் செய்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

டிசைன் படிக்கப் போன இரண்டாம் வருடம், ஒரு வகுப்பில், நீ செய்த பொருளின் முன்னால் நிற்கிற மனிதர் யார் என்று முதலில் பார் என்றார் ஆசிரியர். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு அந்தத் தாடிக்காரர் நினைவுக்கு வந்தார். சின்னது என்ன படிக்கிறது என்று உலகத்தில் வேறு யார் கேட்பார்கள்? பெற்றவர் முகத்தை அவர் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதபடி நான் வெளுத்து வைத்திருந்தேன். எதிரே நின்றவர்தான் மேலே தொங்குகிறவர் என்று டீக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். அவர் வரவில்லை. வந்தால் அக்கா கல்யாணம் நின்றுபோகும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அம்மா இன்றைக்கும் நெற்றியில் ஒன்றும் வைப்பதில்லை. அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு டீக்கடைக்காரரிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். அந்தக் கோட்டு சூட்டைப் பற்றி வந்தவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார் என்று கேட்கத் தோன்றவில்லை.