மூன்று பிக்கப் வைத்த சிவப்புக் கிற்றார்

போன மாதம் வவுனியாவில் ஓர் அலுவலகத்தில், காணி உறுதியின் பிரதி ஒன்றுக்காக இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தேன். தலைக்கு மேலே ஒரு பழைய ரியூப் லைற். அதன் சோக் பழுதாகியிருக்க வேண்டும். ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் சிவனே என்று இருக்க, எனக்கு மட்டும் எரிச்சல் தலைக்கேறியது. எழுந்து போய் அங்கே வேலை செய்த பிள்ளையிடம், அந்த லைற்றை நிற்பாட்ட முடியாதா என்று கேட்டேன். நிற்பாட்டினால் இருட்டிவிடும் ஐயா என்றாள். நியாயமான பதில்தான். அந்த இரைச்சலுக்கும் எனக்கும் நாற்பது வருஷத்துப் பகை இருக்கிறது என்று அவளிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. நான் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கர். பின்னேரங்களில் ஓர் இசைக்குழுவின் அறிவிப்பாளர். பாடவும் தெரியாது, ஒன்றையும் வாசிக்கவும் தெரியாது, ஆனால் குழுவை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிற ஒருவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? மைக்கைத் தந்தார்கள். நான் அதை ஏதோ செங்கோல் மாதிரிப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

குழுவின் தலைவர் தவராசா அண்ணை. நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர்; குழுவில் ஓர்கன் வாசிப்பார். அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. மற்றவன் வாயைத் திறப்பதற்குள் முடிவெடுத்துவிடுவார். அந்த முடிவு பிழைத்தால் அதை எடுத்தது வேறு யாரோ என்று உண்மையாகவே நம்புவார். அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

கிற்றார் வாசித்தவன் லெட்சுமணன். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழு கலவரத்தில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்தபோது அவனுடைய கிற்றாரும் எரிந்தது. தாயையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியிருந்தான். எங்களிடம் வந்து சேரும்வரை ஐந்து வருஷம் அவன் கையில் கிற்றார் படவில்லை. எங்களிடம் இருந்ததும் ஒரு இரவல் மரப்பெட்டிக் கிற்றார்தான். அதற்கு முன்னால் மைக்கைக் கட்டிவிடுவோம். தவராசா அண்ணை ஓர்கனில் கை வைத்தால் அது இருக்கிற இடமே தெரியாது. அதனால்தான் மின்சாரக் கிற்றார் வாங்குவது என்று முடிவாயிற்று.

வவுனியா பஜாரில் றேடியோ திருத்துகிற சலீம் நானாவின் கடைக்கு, கலைந்துபோன ஒரு ஹோட்டல் பாண்ட் குழுவின் கிற்றார்கள் இரண்டு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். நான் கடை மனேச்சரிடம் போய், வவுனியாவில் பிக்கப் பார்க்கப் போகிறேன் என்று லீவு கேட்டேன். அவர் நாங்கள் வாகனம் வாங்கப்போகிறோம் என்று நினைத்து, ரயரைத் தட்டிப் பார், எஞ்சினை விடியக் காலமை குளிரில் ஸ்ராட் பண்ணிப் பார் என்று அரை மணித்தியாலம் புத்தி சொன்னார். நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கம் சொல்லப்போனால் லீவு கிடைத்திராது.

உண்மையில் பிக்கப் என்றால் என்னவென்று எனக்கும் பஸ்ஸில் வைத்துத்தான் தெரியும். லெட்சுமணன் சொன்னான். தந்திக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் போல மெல்லிய செப்புக்கம்பி. தந்தி அதிர்ந்தால் கம்பிச்சுருள் அதைப் பிடித்து அம்பிளிபயருக்கு அனுப்பும். கிற்றாரின் மரத்தையும் நிறத்தையும் பார்க்கக் கூடாது, இதைத்தான் பார்க்க வேண்டும் என்றான். தவராசா அண்ணை பக்கத்து ஆசனத்தில் வாயைத் திறந்தபடி நித்திரை.

சலீம் நானா இரண்டு கிற்றார்களையும் மேசையில் கிடத்தினார். ஒன்று செக்கச்செவேல் என்று, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஒல்லியான பிக்கப் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி சுவிட்ச். மற்றது கறுப்பு. விளிம்பெல்லாம் உரிந்திருந்தது. அதில் அகலமான பிக்கப் இரண்டே இரண்டு.

கறுப்பைக் கண்டதும் லெட்சுமணனின் முகம் மாறியது. அந்த அகலமான பிக்கப்பில் ஒவ்வொன்றுக்குள்ளும் சுருள் இரண்டு இருக்கும் என்றான். சிவப்பில் உள்ளது போன்ற ஒற்றைச் சுருள் தந்தியின் சத்தத்தோடு லைற், ஜெனறேற்றர் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரட்டைச் சுருளில் ஒன்று பிடிக்கிற இரைச்சலை மற்றது அடித்து விழுத்திவிடும். நாங்கள் வாசிக்கிற இடம் எல்லாம் ஜெனறேற்றரும் ரியூப் லைற்றும்தானே?

தவராசா அண்ணை இரண்டையும் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"மூண்டு இருக்கேக்கை ரெண்டு இருக்கிறதை ஏன் எடுப்பான்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் அகப்படவில்லை.

அன்றைக்கென்று பார்த்து பஜாரில் கரண்ட் இல்லை. சலீம் நானா கார் பற்றறி ஒன்றில் சின்ன அம்பிளிபயரைக் கொழுவித் தந்தார். லெட்சுமணன் முதலில் சிவப்பை வாசித்தான். கிணற்றில் காசு விழுந்த மாதிரி அப்படியொரு துல்லியம். பிறகு கறுப்பு. அது தடித்த குரல், நெஞ்சுக்குள் இருந்து வருவது போல. இரண்டிலும் இரைச்சல் இல்லை. எப்படி இருக்கும்? கடையில் ஒரு பல்ப்கூட எரியவில்லையே.

லெட்சுமணன் எங்களைப் பார்த்து, "கரண்டு வரட்டும் அண்ணே. லைட்டப் போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணலாங்க" என்றான். ஐந்து மணிக்கு வந்துவிடும், தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாக இருங்கள் என்றார் சலீம் நானா. நாலரைக்கு ஒரு பஸ் இருந்தது. அதை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டு போகவேண்டும். தவராசா அண்ணை என்னைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்காமல் இருந்திருக்கலாம்.

சிவப்பு மேடையில் எடுப்பாக இருக்கும் என்று சொன்னேன். ஓர் அறிவிப்பாளனுக்கு வேறு என்ன தெரியும்? ஆனால் நான் அப்போது மேடையை நினைக்கவில்லை. பஸ்ஸில் ஒரு யன்னல் ஆசனத்தைத்தான் நினைத்தேன். அது கிடைக்கவும் செய்தது.

முதல் நிகழ்ச்சி நெடுங்கேணியில், வயல் வைத்திருந்த ஒரு கமக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண்ணின் தகப்பன் மகா வெளிச்சப் பிரியர். பந்தல் கால் ஒவ்வொன்றிலும் ரியூப் லைற். எங்கள் மேடையின் முகப்பில் மட்டும் ஆறு. பொழுதுபட்டதும் வளவுக்குப் பின்னால் ஜெனறேற்றர் உறுமத் தொடங்கியது. லெட்சுமணன் கிற்றாரைக் கொழுவினான். தேன்கூடு கலைந்த மாதிரி பந்தல் முழுக்க ஓர் இரைச்சல். சமையல் பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் சுவிட்சுகளை மாற்றி மாற்றிப் போட்டான். ஒன்றுக்கும் மசியவில்லை. பிறகு மெல்ல மெல்ல உடம்பைத் திருப்பினான். ஒரு பக்கம் திரும்பி நின்றபோது இரைச்சல் சட்டென்று அடங்கியது. அந்தப் பக்கம்தான் சரி என்று கண்டுகொண்டு, அப்படியே நின்று வாசிக்க ஆரம்பித்தான். முதுகு முழுக்கச் சபைக்கு.

சபைக்கு முதுகு காட்டுகிற பெடியன் ஆர் என்று பெண் வீட்டாரில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் தோட்டத்து ஆட்களை இழிவாகக் குறிக்கிற ஒரு சொல்லைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். தவராசா அண்ணை ஓர்கனுக்கு மேலால் குனிந்து, நேரே நில் என்று லெட்சுமணனை அதட்டினார். அவன் திரும்பினான், இரைச்சலும் திரும்பி வந்தது. உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று அதற்கும் ஓர் அதட்டு. முகப்பு லைற் ஆறையும் நிற்பாட்டச் சொல்லி நான் ஓடிப்போய்க் கேட்டேன். கல்யாண வீட்டில் விளக்கு அணைக்கிறதா என்று பெண்ணின் தகப்பன் என்னை அடிக்காத குறை.

பாட்டு நின்றுவிட்டது. சபை முணுமுணுத்தது. கையில் மைக் இருக்கிறது, நிரப்ப வேண்டிய அமைதி இருக்கிறது. பிழை எங்களுடையது, சாமானைத் தெரிந்தெடுத்தது நாங்கள், இந்தப் பிள்ளை அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"எங்கடை கிற்றார்காரர் காடு வெட்டிப் பழகினவர். சனத்தைக் கண்டால் வெக்கம், அதுதான் மரத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

சபை சிரித்தது. நல்ல சிரிப்பு. அறிவிப்பாளனாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு சிரிப்பு கிடைத்ததில்லை. லெட்சுமணன் நேரே நின்று மிச்சப் பாட்டு எல்லாவற்றையும் வாசித்தான். ஓர் இடைவெளி வந்தால் சின்ன விரலால் சத்தத்தைப் பூச்சியத்துக்குத் திருப்புவான். தனக்கு முறை வரும்போது கூட்டுவான். ஒரு சுரம் பிசகவில்லை. முடிந்ததும் கிற்றாரைத் துணியால் துடைத்து என் கையில் தந்துவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. அவனுக்குத் திமிர் என்றார் தவராசா அண்ணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கனகராயன்குளத்துக்குப் பஸ் எடுத்தேன்.

மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, கைமண்ணைத் தட்டிவிட்டு வாங்க என்றான். அவனுடைய தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிற்றாரைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, கரண்டைப் பற்றி என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"எரைச்சல் வந்தா பரவாயில்லண்ணே. அன்னிக்கு அம்மா வந்திருந்துச்சு. அஞ்சு வருசம் கழிச்சு நான் வாசிக்கிறதக் கேக்கணும்னு, தங்கச்சியக் கூட்டிக்கிட்டு பொம்பளைங்க பக்கம் ஒக்காந்திருந்துச்சு. அதச் சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான். ஒரு மாடும் மிளகாய்க் கன்றுகளும்தான் அதைக் கேட்டன. அப்போதே எனக்கு அது போதாது என்று பட்டது.

கிளம்பும்போது ஒன்று சொன்னான். மூன்று பிக்கப்பில் ஒன்றின் காந்தத்தைக் கழற்றிப் புரட்டிப் போட்டு, கம்பி இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், அதையும் பக்கத்துப் பிக்கப்பையும் சேர்த்துப் போடும்போது இரட்டைச் சுருள் மாதிரி வேலை செய்யுமாம். புதிதாக வாங்கின சாமானைக் கழற்ற விட மாட்டேன் என்று தவராசா அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். ஆகவே அவர் வாய்க்கால் பார்க்கப் போயிருந்த ஒரு பகலில் கிற்றார் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய், தந்தி மாற்ற வேண்டும் என்று அவருடைய மனைவி அக்காவிடம் ஒரு பொய் சொல்லிக் கிற்றாரை வாங்கிக்கொண்டேன். அவா பாவம், கீறுப்படாமல் படுக்கை விரிப்பு ஒன்றில் சுற்றித் தந்தா.

லெட்சுமணனையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். இந்த முறை சலீம் நானாவின் கடையில் கரண்ட் இருந்தது. கறுப்புக் கிற்றார் போய்விட்டது. நாங்கள் வந்துபோன மறுநாளே ஒரு கோயில் பாட்டுக் குழு எடுத்துவிட்டதாம். அவரும் லெட்சுமணனும் தலையோடு தலை முட்டக் குனிந்து, ஈயம் உருக்கி, காந்தத்தைப் புரட்டினார்கள். மூன்று மணித்தியாலம். எத்தனை பஸ் போனது என்று நான் எண்ணவில்லை. கடைசியில் சலீம் நானா கடையின் ரியூப் லைற் எல்லாவற்றையும் போட்டார். லெட்சுமணன் அந்த இரண்டு பிக்கப்பின் சுவிட்சுகளையும் சேர்த்துத் தட்டினான். இரைச்சல் இல்லை. தந்தியைத் தொட்டான். மூக்கால் கதைப்பது போல, கொஞ்சம் குறும்பாக, இரண்டு கிற்றார்களிலும் நாங்கள் அன்று கேட்காத ஒரு தொனி வந்தது. அவன் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

தவராசா அண்ணை என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த ஒத்திகையில் கிற்றாரைக் கேட்டுவிட்டு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

"பாத்தியளோ? அதுக்குத்தான் நான் மூண்டு உள்ளதை எடுக்கச் சொன்னனான்."

லெட்சுமணன் திரும்பி வந்தான். அதன் பிறகு பளையில், முல்லைத்தீவில், இன்னும் சில இடங்களில் வாசித்தோம். எல்லா மேடையிலும் நேரே நின்று வாசித்தான். நான் ஒவ்வொரு முறையும் அன்றைய பிழை எங்களுடையதுதான் என்று மைக்கில் சொல்ல நினைப்பேன், பிறகு விட்டுவிடுவேன். சிரித்தவர்கள் நெடுங்கேணிக்காரர், அவர்கள் முன்னால் சொன்னால்தானே கணக்குத் தீரும்? அடுத்த ஆவணியில் நெடுங்கேணியில் இன்னொரு கல்யாணத்துக்கு எங்களைக் கேட்டிருந்தார்கள். அதே சொந்தக்காரர்கள். லெட்சுமணனின் தாயையும் கூட்டிவரும்படி சொல்லியிருந்தேன்.

ஆவணிக்கு முன்னால் ஆடி வந்தது. அது எண்பத்திமூன்றுக் கலவரம். உங்களுக்கு விளங்கும். அந்தக் கல்யாணம் பகலில், பத்துப் பதினைந்து பேரோடு, மேளம்கூட இல்லாமல் முடிந்ததாகக் கேள்வி. எங்கள் குழுவை அதன் பிறகு யாரும் எங்கும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் லெட்சுமணனின் குடியேற்றத்தில் இருந்தவர்களை அங்கிருந்து எழுப்பிவிட்டார்கள். மன்னாருக்குப் போய் இந்தியாவுக்குப் படகு ஏறினார்கள் என்று சிலர், திரும்ப மலைக்கே போனார்கள் என்று சிலர். சலீம் நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். தவராசா அண்ணை கனடாவில் காலமானார். கிற்றார் எந்த இடப்பெயர்வில் எங்கே விடுபட்டது என்று அவருடைய மனைவிக்கும் நினைவில்லை.

அன்று சிரித்தவர்களில் ஒருவரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெடுங்கேணிக்குப் போனேன். கல்யாணம் நடந்த வளவு முழுவதும் பற்றைக் காடு. கடைத்தெருவில் என் வயதுக்காரர் சிலர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் இருந்து, எண்பத்திரண்டில் இங்கே நடந்த இன்ன கல்யாணம், சிவப்புக் கிற்றார் என்று ஞாபகம் இருக்கிறதா எனக் கேட்டேன். ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாங்கள் எல்லாம் தொண்ணூற்றாறில் வந்து குடியேறியவர்கள் என்றார்.