தொமாயிக்குப் போட்ட இரண்டு மதிப்பெண்

பார்த்தெனா கரிபிது, கிரேக்க நாட்டின் வேரியா நகருக்குக் கீழே சமவெளியில் இருக்கும் பீச் பழ டப்பா ஆலையில் பிரிப்பு வரிசையின் மேற்பார்வையாளர். ஜூலையில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்துவிடும் பருவ வேலை அது. கொட்டை நீக்கும் இயந்திரம் பழத்தை இரண்டாகப் பிளந்து பெல்ட்டின் மேல் தள்ளும். பெல்ட்டின் இரு பக்கமும் நிற்கும் பெண்கள் அடிபட்ட துண்டுகளையும் கொட்டைச் சில்லு ஒட்டிய துண்டுகளையும் பொறுக்கி எறிவார்கள். ஒரு சில்லு தப்பிவிட்டால், வேறு ஏதோ நாட்டில் யாருடைய பல்லிலோதான் அது அகப்படும்.

அந்த வரிசையில் நின்றவர்கள் வெறும் சக தொழிலாளர்கள் அல்லர். ஒருத்தி இன்னொருத்தியின் நாத்தனாராக இருப்பாள். இல்லையென்றால் அவள் குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றவளாக இருப்பாள். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் ‘கும்பாரா’ என்று அழைப்பது அங்கே முறை. அப்படி அழைத்துக்கொள்பவர்கள் சண்டையிட்டாலும் பிரிவதில்லை என்பது ஊரின் நம்பிக்கை. பார்த்தெனா தன் வரிசையில் பாதிப் பேருக்குக் கும்பாரா. அவர்களுள் நெருக்கமானவள் தொமாயி. தொமாயியின் மகள் அனதோலியை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எண்ணெய் வழியக் கையில் வாங்கியவள் பார்த்தெனாதான்.

அடுத்த பருவத்துக்கு யாரை அழைப்பது என்பதை முதலாளி கிர் ஸ்டெர்யோஸ் முடிவு செய்யும் விதம் எளிமையானது. கடைசி நாளில் வரிசையின் ஓரமாக நடந்து வருவார். பார்த்தெனா ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் அந்தப் பெண் வரலாம். புருவத்தை மேலே தூக்கினால் இல்லை. அந்தப் புருவம் எந்தப் பெண்ணுக்கும் உயர்ந்து யாரும் பார்த்ததில்லை. நெருக்கடி ஆண்டுகளில் சம்பளம் தாமதமாக வந்ததுண்டு. ஆனால் ஆளை நிறுத்தியதில்லை. பெண்களுக்கும் அதுவே முக்கியம். பருவத்தில் போதிய வேலைநாள் சேர்ந்தால்தான் குளிர்காலத்தில் அரசாங்கத்தின் வேலையில்லாக் காலப் படி கிடைக்கும். ஒரு பருவம் தவறினால் அந்தக் குளிர்காலம் முழுவதும் வெறும் அடுப்புதான்.

இந்த ஏற்பாட்டை மாற்ற வந்தவள் முதலாளியின் மகள் மிர்தோ. ரோட்டர்டாமில் நிர்வாகம் படித்துத் திரும்பியவள். சிறு வயதில் பழப்பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய அவளை அதட்டி வெளியே இழுத்தவள் பார்த்தெனா. இப்போது அவளை எப்படி அழைப்பது என்று தெரியாமல், பெயரே சொல்லாமல் பேசப் பழகியிருந்தாள். முந்தைய ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஒரு கொள்கலன் முழுவதும் டப்பாக்கள் திரும்பி வந்தன. அவற்றில் கொட்டைச் சில்லு இருந்தது. அதன் பிறகு மிர்தோ ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். தம் கீழ் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். அடுத்த பருவத்துக்கு ஆள் அழைக்கும்போது அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

பார்த்தெனா எல்லோருக்கும் ஐந்து போட்டாள். அதில் அவளுக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. அவளுடைய மைத்துனர் வேலை பார்த்த நகராட்சியிலும், மருத்துவமனையில் இருந்த அவள் தம்பியின் துறையிலும், இப்படித் தாள் வரும்போதெல்லாம் எல்லோரும் எல்லோருக்கும் உச்ச மதிப்பெண்தான் போட்டார்கள். ஒருவரின் சோற்றில் கை வைக்காமல் இருப்பதற்கு அதுவே வழி என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

மிர்தோ தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் மட்டும் பெயருக்கு முன்னால் ‘கிரியா’ என்று மரியாதை சேர்த்துப் பேசுவாள்.

“எல்லாருக்கும் அஞ்சா, கிரியா பார்த்தெனா? அப்ப ஜெர்மன்காரன் திருப்பி அனுப்பின சரக்கை யாரு பொறுக்கினது? பேயா?”

“மெஷின் பழசும்மா. பிளேடு மழுங்கிருச்சுன்னு அப்பாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன்.”

“பிளேடை மாத்தியாச்சு. இப்ப ஆளைப் பத்திப் பேசுவோம். எல்லாரும் ஒரே மாதிரி வேலை செய்றாங்கன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?”

பார்த்தெனா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“கடைசியில யாராவது ஒருத்தி இருக்கணும். இல்லேன்னா இந்தத் தாளை வாங்க மாட்டேன்,” என்றாள் மிர்தோ.

அது ஆகஸ்ட் நடுவில், மாதாவின் திருநாளுக்கு அடுத்த நாள். வரிசையில் நின்ற சுமேலா மாதாவின் பெயரைத் தாங்கியவள் என்பதால் அவளுடைய பெயர் நாளும் அந்தத் திருநாளோடுதான் வரும். வழக்கப்படி அவள் ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்திருந்தாள். காபி இடைவேளையில் பெண்கள் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். குளிர்ந்த ஃப்ராப்பே காபியை உறிஞ்சிக்கொண்டே பார்த்தெனா சொன்னதைக் கேட்டார்கள். முதலில் சிரிப்பு வந்தது.

“முறை வச்சுக்குவோம்,” என்றாள் ஒருத்தி. “இந்த வருஷம் நீ கடைசி, அடுத்த வருஷம் நான்.”

“இந்த வருஷம் யாரு?”

யாரும் சுமேலாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் முயல்வது தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் சுமேலாவின் கண்களைத் தின்றுகொண்டிருந்தது. அவள் விட்ட சில்லுகளை அவளுக்கு அடுத்து நிற்பவள் எடுத்துவிடுவாள். அந்த இடத்தில் எப்போதும் தொமாயியையே பார்த்தெனா நிறுத்தி வைத்திருந்தாள்.

“எனக்கே போட்டுரு கும்பாரா,” என்றாள் தொமாயி. “ரெண்டு போடு.”

“ஒனக்கா? ஒன் கண்ணுக்குத் தப்பின சில்லு உண்டாடீ?”

“அதனாலதான் சொல்றேன். வேற யாருக்காவது போட்டா கெழவன் நம்பித் தொலைச்சாலும் தொலைப்பான். எனக்குப் போட்டா விழுந்து விழுந்து சிரிப்பான். பட்டியல் போடறது அவன்தானே.”

“பொண்ணு?”

“பொண்ணு தாள் வச்சு விளையாடட்டும். படிச்ச படிப்பு வீணாகக் கூடாதில்ல?”

சுமேலா இனிப்புப் பெட்டியை மறுபடியும் சுற்றி நீட்டினாள். “எடுங்கடீ. காஞ்சு போவுது,” என்றாள். அவள் குரல் மட்டும் சற்றுத் தணிந்திருந்தது.

பார்த்தெனா தொமாயிக்கு இரண்டு போட்டாள். மிர்தோ தாளை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். பருவத்தின் கடைசி நாளில் கிர் ஸ்டெர்யோஸ் வழக்கம்போல வரிசையின் ஓரமாக நடந்தார். தொமாயி அவரை மறித்து, “எனக்கு ரெண்டாம், தெரியுமா?” என்றாள். அவர் உண்மையிலேயே சிரித்தார். தலையைச் சாய்த்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் அவர் தம் வீட்டுக் கூடத்தில் விழுந்தார். உயிர் தங்கியது, பேச்சு தங்கவில்லை. வலது பக்கம் செயலிழந்து, புருவத்தைக்கூடத் தூக்க முடியாதவராய்ச் சன்னலோரம் உட்கார வைக்கப்பட்டார். ஆலை மகளின் கைக்குப் போனது.

மார்ச்சில் பட்டியல் ஆலை வாசலின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டப்பட்டது. அன்று மாலை தொமாயி தொலைபேசியில் அழைத்தாள்.

“கும்பாரா, கண்ணாடியில எம்பேரு இல்லையாமே.”

“இருக்கும். சரியாப் பாத்திருக்க மாட்டே.”

“நானே போய்ப் பாத்துட்டு வந்துதான் பேசறேன். விளையாட்டு போதும்னு அவகிட்டச் சொல்லு.”

தொமாயியின் கணவன் ஸீசிஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகெலும்பு நகர்ந்ததிலிருந்து வீட்டில் இருந்தான். அந்தக் குடும்பத்தின் குளிர்காலம் தொமாயியின் பருவ நாட்களைத்தான் நம்பியிருந்தது. பார்த்தெனா அன்றிரவு சரியாக உறங்கவில்லை. காலையில் ஆலை அலுவலகத்துக்குப் போனாள்.

“அந்த ரெண்டு பொய்,” என்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“யாரு போட்டது?”

“நான்தான். பேசி வச்சுப் போட்டது. தொமாயிதான் அந்த வரிசையிலேயே நல்ல வேலைக்காரி. அப்பாவுக்குத் தெரியும். வேணும்னா கேட்டுப் பாரு...” என்று தொடங்கியவள், கேட்க முடியாது என்பது நினைவுக்கு வர நிறுத்திக்கொண்டாள்.

மிர்தோ மேசையிலிருந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

“அப்ப மத்த அஞ்சு எல்லாம்?”

பார்த்தெனா சன்னல் வழியே ஆலை வாசலைப் பார்த்தாள்.

“எங்கப்பாகிட்ட நீங்க எல்லாரும் ‘நல்லாப் போவுது, நல்லாப் போவுது’ன்னே சொல்லிட்டிருந்தீங்க, கிரியா பார்த்தெனா. அவரும் பேங்க்ல போய் அதையே சொன்னாரு. ஆலையை மூடறதுக்கு எவ்வளவு பக்கத்துல போய் நின்னோம்னு உங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவை சரக்கு திரும்பி வந்துச்சுன்னா இந்த வாசல் யாருக்கும் இல்ல. எனக்கும்தான்.”

“தொமாயியை எடுத்துக்கோ.”

“எடுக்கறேன். ஆனா கேமரா வச்ச மெஷின் வருது, அந்த வரிசையில ஒரு ஆள் கொறைச்சாச்சு. ஒருத்தி உள்ள வந்தா ஒருத்தி வெளிய போகணும். அதனால நிஜத்தை எழுதிக் குடுங்க. எல்லாருக்கும். ஈஸ்டருக்குள்ள.”

“லேபிள் ஒட்டற எடத்துல ஒருத்திக்கு இடம் இருக்குமா?” என்று கேட்டாள் பார்த்தெனா. யாருக்காக என்று சொல்லவில்லை.

“அங்க மெஷினே ஒட்டுது,” என்றாள் மிர்தோ. “போன வாரம்தான் நீங்களே பாத்தீங்க.”

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஞானத்தாய் ஞானமகளுக்கு மெழுகுவர்த்தியும் புதுச் செருப்பும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த மெழுகுவர்த்தியோடுதான் குழந்தை உயிர்ப்பு இரவில் கோயிலுக்குப் போகும். அந்த வருகையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போட முடியாது. வியாழன் பிற்பகல் பார்த்தெனா நீலநாடா கட்டிய மெழுகுவர்த்தியோடு தொமாயியின் வீட்டுக்குப் போனாள். அனதோலி செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினாள். ஸீசிஸ் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சமையலறையில் தொமாயி ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

“எனக்குப் பதிலா யாரு பேரைக் கேக்கறா அவ?” என்றாள், திரும்பாமலேயே.

“பேரு கேக்கல. நிஜத்தைக் கேக்கறா.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

பார்த்தெனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சுமேலாவா?”

பார்த்தெனா இல்லையென்று புருவத்தைத் தூக்கவில்லை.

தொமாயி ஒரு முட்டையைக் கரண்டியால் எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள். “நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள். “தொமாயி சொல்லித்தான் ஆச்சுன்னு நாளைக்கு எவளும் சொல்லக் கூடாது.”

“யாரும் சொல்ல மாட்டாங்க.”

“நான் சொல்லல. அவ்வளவுதான்.”

வாசல் வரை வழியனுப்ப வந்தவள், கதவைச் சாத்தும் முன் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா குடுக்கறதா இருந்தா சீக்கிரம் குடு கும்பாரா.”

அன்று மாலை கோயிலில் பன்னிரண்டு சுவிசேஷ வாசகங்கள் படிக்கப்பட்டபோது, சுமேலா பார்த்தெனாவுக்கு முன் வரிசையில் நின்றாள். கையிலிருந்த வழிபாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடிவிட்டு வெறுமனே கேட்டாள். பார்த்தெனா பாதியிலேயே வெளியே வந்தாள். வீட்டுக்குப் போய், தாளை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் உண்மையை எழுதினாள். தன் நாத்தனாருக்கு மூன்று போட்டாள். தன் பக்கத்து வீட்டுக்காரிக்கு மூன்று போட்டாள். சுமேலாவுக்கு ஒன்று போட்டாள். எழுதி முடித்தபோது, இத்தனை ஆண்டுகளும் இது தனக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது.

கண்ணாடியில் புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. தொமாயியின் பெயர் இருந்தது. சுமேலாவிடம் பார்த்தெனா தானே நேரில் போய்ச் சொன்னாள். சுமேலா தோட்டத்தின் பக்கம் பார்த்தபடி, “கண்ணு தெரியலைன்னு எனக்கே தெரியும்,” என்றாள். “நீ சொல்லாம இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் ஆலைக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.” பார்த்தெனா எழுந்துகொண்டபோது அவள் உட்காரச் சொல்லவில்லை.

ஜூலையில் பெல்ட் ஓடத் தொடங்கியது. கேமரா இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. பெண்களும் முன்பைவிட விரைந்து பொறுக்கினார்கள். முன்பெல்லாம் பெல்ட்டில் முதலில் நிற்பவள் ஒரு சில்லைத் தவறவிட்டால், “ஏய், போவுது பாரு,” என்று அடுத்து நிற்பவளுக்குக் குரல் கொடுப்பாள். இப்போது தன் தவறைத் தானே உரக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வரிசையில் இயந்திரச் சத்தம் மட்டும் இருந்தது. மேற்பார்வையாளர்கள் கூட்டத்தில் மிர்தோ, பிரிப்பு வரிசைதான் ஆலைக்கே எடுத்துக்காட்டு என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். பார்த்தெனாவும் தட்டினாள்.

மாதாவின் திருநாள் வந்து போனது. அடுத்த நாள் காபி இடைவேளையில் இனிப்பு எதுவும் வரவில்லை. பெண்கள் தனித்தனியாகப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். தொமாயி மட்டும் கோப்பையோடு பார்த்தெனாவின் அருகில் வந்து நின்றாள்.

“கும்பாரா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

“நிஜத்தை எழுதினியே, அதுல எனக்கு எவ்வளவு போட்டே?”

அந்தக் கேள்வியை அந்த வரிசையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. பொய் சொல்லிவிட முடியும் என்று பார்த்தெனாவுக்குத் தோன்றியது. ஒரு விரல் கூடுதலாகக் காட்டினால் போதும்.

“நாலு,” என்றாள்.

“நாலா?”

“இடைவேளை முடிஞ்சு நீ எப்பவும் லேட்டாத்தான் வருவே. வேலையில நின்னு கதை பேசுவே. அதான் நாலு.”

தொமாயி தலையசைத்தாள். கோப்பையின் அடியில் தங்கியிருந்த நுரையைச் சுழற்றிப் பார்த்தாள்.

“அந்த ரெண்டுக்கு நான் சிரிச்சேன், பார்த்தெனா,” என்றாள்.

கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே பெல்ட்டுக்குப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும், ஒவ்வொருத்தியாக, பாதிக் காபியோடு எழுந்தார்கள்.